வரிக்குள் அடங்காத குடும்பங்கள்

இசக்கிசெல்வி கம்ப்யூட்டரோடு சண்டை போடுகிறவள். மனிதர்களிடம் போட வேண்டிய சண்டையையும் சேர்த்து அதனிடமே போட்டுவிடுவாள். தென்காசி பெரிய கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பரீது பாயின் கல்யாணக் கார்டு கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது அவள் குரலைத்தான். "ஏலே, உன் மனசுல என்னதான் நினைச்சிருக்கே? நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானல இருந்தே?" என்று உள்ளறையிலிருந்து சத்தம் வரும். தேங்காய் பழத்தோடு முதல் கார்டு எடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்குவார்கள். "வாங்க, வாங்க, பயப்படாதீய, மிஷினத்தான் ஏசுதா" என்று பாய் எழுந்து வந்து கூப்பிட்டு உட்கார வைப்பார்.

ராயகிரியில் பிறந்தவள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். புருஷன் விஜய்பாண்டி ராணுவத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு லீவு, வாரத்துக்கு ரெண்டு வீடியோ கால். மேலகரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். கார்டு டிசைன் பண்ணத்தான் கடையில் சேர்ந்தாள். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவள் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் போதுமே, பிளக் மாட்டுகிற சாமான் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. இன்வெர்ட்டர் கத்தினால் அவள். கேமரா படம் காட்டாவிட்டால் அவள். பாயின் போனில் பேத்தி ஷிஃபாவின் போட்டோ காணாமல் போனாலும் அவள். "நான் என்ன கம்ப்யூட்டருக்குப் படிச்சேனா, கரண்டுக்குப் படிச்சேனா?" என்று கேட்டுக்கொண்டே போய் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு வருவாள். அதுதான் அவள் பண்ணின தப்பு.

இந்தப் பக்கத்துக் கல்யாணக் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் அடக்கமாக இருப்பார்கள். மிச்ச இடமெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் பெற்றதுகள், அதுகளைக் கட்டியதுகள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் காவல்துறை, இராணுவம், மின்வாரியம், சவுதி என்று ஒரு உத்தியோகம். போய்ச் சேர்ந்தவர்களையும் விட முடியாது. பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட்டு அவர்களையும் வரிசையில் உட்கார்த்த வேண்டும். யாருக்கு அடுத்து யார் என்பதில்தான் எல்லா மானமும் இருக்கிறது. ஒரு வீட்டில் முதல் கல்யாணத்தின்போது அந்த வரிசையை முடிவு பண்ணுவதற்குள் ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய், அவர்களைச் சமாதானம் பண்ணி அழைத்து வந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் ரெண்டாவது கல்யாணத்துக்கு யாருமே புதிதாக எழுதித் தருவது கிடையாது. "போன கார்டுல போட்ட வரிசையவே போட்டுருங்க பாய், அதுல கை வைக்காதீய" என்பார்கள். அப்படி ஊர்ப்பட்ட குடும்பங்களின் வரிசை பாய் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. பக்கத்திலேயே பளபளவென்று புதுக் கடைகள் வந்தும் ஜனங்கள் இங்கேயே வந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு குடும்பத்துப் பெயர்கள் முழுக்க ஒரே வரியாகத்தான் அடிக்க வேண்டும், நடுவில் என்டர் தட்டக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். தட்டினால் டிசைனுக்குள் கொண்டு போய் ஊற்றும்போது பெயர்கள் கோணல் மாணலாக நிற்கும். அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததே இசக்கிசெல்விதான். மீறினவர்களை அவள் ஏசின ஏச்சில் ஒரு பையன் வேலையை விட்டே போய்விட்டான்.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பாயின் மகன் மன்சூருக்கு ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு யோசனை வந்தது. பழைய புரோகிராம் செத்துப்போன கம்பெனியுடையது, இனி தாங்காது, புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன் என்றான். பழையதில் இருந்த குடும்பங்களையெல்லாம் ஒரே ஃபைலாக எடுத்து அவனே அனுப்பியும் வைத்தான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "இசக்கிக்கா, ஒண்ணுமே இல்லக்கா. கமாண்டு அடிக்கிற அந்தக் கறுப்பு விண்டோவத் திறந்து ஃபைலை ஓடவிடுங்க. அதுபாட்டுக்கு ஒவ்வொரு வரியா உள்ள எடுத்துக்கிடும். அஞ்சு நிமிஷ வேலை."

அந்த அஞ்சு நிமிஷ வேலை ஆடி மாசத்தில் வந்தது. ஆவணி முகூர்த்தக் கார்டு எல்லாம் அடிக்க வேண்டிய மாசம். குற்றாலத்தில் சாரல் விழுந்து, அந்த ஈரம் தென்காசி வரைக்கும் வந்து, அடித்த கார்டு காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மாசம். அப்பேர்ப்பட்ட மாசத்தில் அவள் கறுப்பு விண்டோவைத் திறந்தாள்.

முதலில் அது ஒரு கடைப் பெயரில் இருந்த '&' குறியைப் பார்த்து நின்றுவிட்டது. 'அண்ட் சன்ஸ்' என்று இருந்தால், அந்த சன்ஸுக்கு என்ன மதிப்பு, சொல்லு என்று இங்கிலீஷில் கேட்டது. "ஏன், அவரு மவனுக்கு மதிப்பில்லாம போச்சா? உனக்கு எதுக்கு அது?" என்று கேட்டாள். மன்சூரைக் கேட்டால், அந்தக் குறியைக் கண்டாலே அது அப்படித்தான் கேட்கும், கேட்காதே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றான். இதை முதலிலேயே உன் வாயால் சொல்லியிருக்கலாமே தம்பி என்று இவள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அதற்கு ஒரு சிரிப்பு பொம்மை வந்தது.

அப்புறம் ஃபைல் ஓடியது. ஓடி முடித்து, எல்லாம் ஆயிற்று என்றும் சொல்லிவிட்டது. திறந்து பார்த்தால் சின்னக் குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. ரெண்டு அக்கா, ஒரு மாமா என்று அளவாக இருக்கிறவர்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கீழப்பாவூர், சுரண்டை, ராயகிரி என்று பெரிய பெரிய குடும்பங்கள் ஒன்றைக்கூடக் காணோம். கடைக்கு வருஷா வருஷம் வருகிறவர்களே அவர்கள்தான். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்ததில், நடுநடுவே ஒரு வரி இங்கிலீஷ் இருந்தது. வரி ரொம்ப நீளம், விட்டுவிட்டேன் என்று. அவ்வளவுதான். நிற்கவில்லை, கேட்கவில்லை, விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"வரி நீளமா இருந்தா எடுக்காதாம்ல பாய்" என்று அவள் வெளியே வந்து சொன்னாள்.

"நீளமா இருக்கவங்கதானம்மா நமக்குச் சோறு போடுதாவ" என்றார் பாய்.

அதற்குள் மன்சூரிடமிருந்து விளக்கம் வந்தது. அந்த விண்டோவில் ஒரு வரி இத்தனை நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அதிலும் இங்கிலீஷ் எழுத்து பிடிக்கிற இடத்தைப் போல மூணு பங்கு தமிழ் எழுத்து பிடிக்கும். ஆகவே வரியை உடைத்துப் போடுங்கள், அஞ்சு நிமிஷ வேலை. நடுவில் என்டர் தட்டி உடைத்தாள். உள்ளே போயிற்று, ஆனால் தட்டின என்டரும் கூடவே போய், கார்டில் பெரியப்பா ஒரு மூலையிலும் பெரியம்மா ஒரு மூலையிலும் நின்றார்கள். அவள் போட்ட சட்டம் அவள் மேலேயே பாய்ந்தது. மன்சூர் தானாகவே உடைக்க ஒரு குட்டிப் புரோகிராம் அனுப்பினான். அது எழுத்து எது, கொம்பு எது என்று பார்க்காமல் அளந்து வெட்டி, வெட்டின இடத்திலெல்லாம் எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போனது. 'பெருமாள்' பாதியில் நின்றார்.

மூன்று நாளாக இதே கதை. வெளியே ஜனங்கள் கார்டு கேட்டு நிற்கிறார்கள். மகளுக்கு டியூஷன் இருக்கிறது. "அக்கா, முடிஞ்சிதா?" என்று ஷார்ஜாவிலிருந்து காலையும் மாலையும் விசாரிப்பு வேறு. இசக்கிசெல்விக்குத் தலை கொதித்தது. உடைத்தால்தானே தொல்லை, உடைக்காமல் வரியைச் சுருக்கிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. எல்லாப் பெயர்களிலும் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தை நாலைந்துதானே. 'திருமதி'யை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி. 'இராணுவம்' என்பதற்கு ஒரு '~' நெளி. 'தெய்வத்திரு' என்பதற்கு ஒரு கூட்டல் குறி. உள்ளே போனபிறகு குறிகளை எடுத்துவிட்டுத் திரும்ப வார்த்தைகளைப் போட்டுவிட்டால் ஆயிற்று.

நட்சத்திரம் ஏற்கனவே ஃபைலில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. நெளி இல்லை. கூட்டல் குறியைத் தேடினால் வந்து கொட்டியது. எல்லாம் போன் நம்பர்; துபாய்க்காரன், சவுதிக்காரன் என்று வரிசையாக. முதல் பக்கம் முழுக்க நம்பர்களையே பார்த்துவிட்டு, சரி, போன் நம்பரில் குறிக்குப் பின்னால் இடைவெளி இருக்காது, நாம் இடைவெளி விட்டுப் போடுவோம், மாற்றும்போதும் இடைவெளி இருக்கிறதை மட்டும் மாற்றுவோம் என்று கணக்குப் போட்டாள். தன் மூளையை நினைத்துத் தனக்கே ஒரு சந்தோஷம். மிச்சப் பக்கங்களைப் பார்க்கவில்லை.

ஃபைல் ஓடியது. ஒரு வரிகூட விடாமல் எல்லாம் உள்ளே போயிற்று. கீழப்பாவூர்க் குடும்பங்கள் ஆள் குறையாமல் வந்து சேர்ந்தன. "எல்லாம் வந்துட்டு பாய்" என்று அவள் சொன்னபோது பாய் எழுந்து போய் அவளுக்கு முறுக்கு வாங்கி வந்தார்.

அடுத்த வாரமே மஞ்சு வந்தாள். கீழப்பாவூர் சிவனணைந்தபெருமாளின் ரெண்டாவது மகள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். குற்றாலத்தில் மண்டபம் பிடித்து ஆவணியில் கல்யாணம். அப்பா போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே தம்பி, கைலாசம், சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயம். ரெண்டு பேருக்கும் பொதுவான கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது என்று முறைத் தகராறு வந்து, எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. மூத்தவள் கல்யாணத்துக்கு வந்து முன்னால் நின்று எல்லாம் செய்த சித்தப்பா, அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மஞ்சு, பாய் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து உள்ளறைக்கு வந்தாள். "அக்கா, போன கார்டு வரிசையவே போடச் சொல்லி அப்பாவ ஒருவழியா சம்மதிக்க வச்சிருக்கேன். சித்தப்பா பேரு அதுல இருக்கணும். என்னைய வளத்ததே அவுகதான்க்கா. பேரு இருந்தா வருவாக, இல்லைன்னா செத்தாலும் வரமாட்டாக. அவுக வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள்.

இசக்கிசெல்வி புதுப் புரோகிராமைத் திறந்து, தேடும் கட்டத்தில் கைலாசம் என்று அடித்தாள். ஒரு கைலாசம் வந்தார். பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. "இருக்காரு மஞ்சு, பத்திரமா இருக்காரு" என்றாள்.

கார்டு அடிப்பதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது கடை வழக்கம். யார் இருக்கிறார், யார் இறந்தார் என்றெல்லாம் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அது அவரவர் வீட்டு விஷயம். சிவனணைந்தபெருமாள் வந்தார். வெள்ளைச் சட்டை, முறுக்கின மீசை, எஃப்.ஐ.ஆர். படிக்கிற தோரணை. நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராக வாய்க்குள் முணுமுணுத்து, படித்த பெயருக்கு மேலே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். அவசரமே படவில்லை. இசக்கிசெல்வி அந்த நேரத்தில் ஒட்டிக்கொண்ட கார்டுகளை ஃபேன் காற்றில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டீ குடித்துவிட்டு, கடைசிப் பெயர் வரைக்கும் புள்ளி வைத்து, கீழே கையெழுத்தும் போட்டு, "சரியா இருக்கு, அடிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்டு போயிற்று. தம்பி வீட்டுக்கு அவர் போகவில்லை. பெண்டாட்டி நிர்மலாதேவியையும் மஞ்சுவையும் அனுப்பினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், மேலே கார்டு. எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்தவர்களைச் சித்தி நாச்சியார் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாளாம். கைலாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயர் எங்கே என்று தேடி, கண்டுபிடித்துப் படித்தாராம். படித்துவிட்டு மடித்துத் தாம்பாளத்திலேயே வைத்தாராம். "செத்தவன் எப்படிம்மா கல்யாணத்துக்கு வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டாராம்.

மஞ்சு போனில் அழுதுகொண்டே சொன்னது இவ்வளவும். இசக்கிசெல்வி கார்டை எடுத்துப் பார்த்தாள். 'தெய்வத்திரு சு. கைலாசம் – நாச்சியார், விவசாயம்'. பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிப் பழைய புரோகிராமைத் திறந்தாள். அதில் அந்தப் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இல்லை. ஒரு கூட்டல் குறி இருந்தது. குறிக்குப் பின்னால் அழகாக ஒரு இடைவெளியும் இருந்தது.

"பாய், இந்தக் கூட்டல் குறியை யாரு போட்டது?"

பரீது பாய் குனிந்து பார்த்தார். "நான்தாம்மா. ஒரு வீட்டுல சண்டைன்னு காதுல விழுந்தா, அந்த ஆளு பேருக்கு முன்னால இப்படிப் போட்டு வச்சிருவேன். அடுத்த கார்டு வரும்போது கூட்டவா வேண்டாமான்னு கேக்கணும்லா. கேக்காம போட்டாலும் வம்பு, போடாம விட்டாலும் வம்பு."

"இந்த மாதிரிக் குறிப்பெல்லாம் சாம்பிள் கார்டுல பென்சில்லதான போடுவீய?"

"கொரோனாவுல கடை பூட்டிக் கிடந்துச்சுல்லா, அப்ப உக்காந்து கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சேன். நீயே எத்தன வேலையத்தான் பாப்பே, உனக்கு எதுக்குச் சிரமம்னு."

இவள் கூட்டல் குறியையெல்லாம் ஒரே தட்டில் 'தெய்வத்திரு'வாக மாற்றியிருக்கிறாள். பாய் கணக்கில் சண்டைக்காரர்களாக இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் செத்துப் போயிருக்கிறார்கள். தென்காசி வட்டாரத்தில் உயிரோடு இருக்கிற எத்தனை மாமன், எத்தனை மச்சான் இன்னும் அந்தப் புரோகிராமுக்குள் தெய்வமாகக் கிடக்கிறார்களோ. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மன்சூர் மேல், பாய் மேல், நீளமான வரியைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போகிற அந்தக் கறுப்பு விண்டோ மேல், முதல் பக்கத்தோடு நிறுத்தின தன் மேல். மன்சூருக்குச் சொன்னால், "ஐயோ அக்கா, ஒரு தடவை செக் பண்ணியிருக்கலாமே" என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

சிவனணைந்தபெருமாள் கையெழுத்துப் போட்ட காப்பியைப் பாய் தேடி எடுத்துக் கொடுத்தார். "இந்தா, இதைக் கொண்டு போய் அந்தக் கைலாசத்துக்கிட்ட காட்டு. உங்க அண்ணாச்சி ஒவ்வொரு பேருக்கும் புள்ளி வச்சிப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்காருன்னு சொல்லு. கார்டப் புதுசா அடிச்சிக் குடுத்துருவோம், ஆனா கடை மேல மட்டும் பழி வரக் கூடாது" என்றார்.

சுந்தரபாண்டியபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் காப்பியைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாப் பெயருக்கு மேலும் பென்சில் புள்ளி இருந்தது. கைலாசத்தின் பெயருக்கு மேலும் இருந்தது. மற்றப் புள்ளிகளைப் போலவேதான் இருந்தது. அழுத்தமும் இல்லை, தயக்கமும் இல்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

சூரியகாந்தி பூத்திருந்த சமயம். கைலாசம் கையில் குச்சியோடு தன் காட்டு வரப்பில் நின்று, போட்டோ எடுக்க வந்த கூட்டத்தை ஏசிக்கொண்டிருந்தார். "பூவைப் பாருங்க, வேண்டாங்கல. செடிக்குள்ள இறங்காதீங்கன்னுதான சொல்லுதேன். உங்க வீட்டுக்குள்ள நான் வந்து போட்டோ எடுத்தா விடுவீயளா?" அண்ணனைப் போலவே மீசை. முறுக்காத மீசை.

இசக்கிசெல்வி தான் யார் என்று சொன்னாள். அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, பம்ப்செட் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வரி நீளம் என்றாள், எழுத்து மூணு பங்கு இடம் பிடிக்கும் என்றாள், குறி போட்டுச் சுருக்கினேன் என்றாள், பாயும் அதே குறியைப் போட்டிருந்தார் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது. நாச்சியார் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிம்மா" என்றார் கைலாசம். "மிஷினு தப்பு, பாய் தப்பு, உன் தப்பு, எல்லாம் இருக்கட்டும். நீங்க யாரும் என்னைய முன்னப்பின்ன பாத்ததில்ல. நான் இருக்கேனா செத்தேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுல எனக்கு வருத்தமே கிடையாது. நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். அடிக்கதுக்கு முன்னால எங்க அண்ணன் அதைப் படிச்சானா?"

பை அவள் மடியில் இருந்தது. அந்தத் தாளை எடுத்து நீட்டினால் போதும். கடை மேல் பழி இல்லை, தன் மேல் பாதிப் பழிதான் மிஞ்சும். படித்தார், உங்கள் பெயருக்கு மேல் புள்ளியும் வைத்தார் என்று சொல்லலாம். சொன்னால் இந்த ஆள் இந்த ஜென்மத்தில் அந்த வாசலை மிதிக்க மாட்டார். மஞ்சு மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிவனணைந்தபெருமாள் எதை நினைத்துக்கொண்டு அந்தப் புள்ளியை வைத்தார் என்பது அந்த மனுஷனுக்கே தெரியுமோ தெரியாதோ.

"படிக்கல அண்ணாச்சி" என்றாள். "அவுக படிக்கணும்னுதான் சொன்னாக. நான்தான் விடல. அன்னைக்குக் கடையில ஒரே கூட்டம். எல்லாம் நான் பாத்துட்டேன், கையெழுத்த மட்டும் போடுங்கன்னு அவசரப்படுத்தி வாங்கிட்டேன்."

கைலாசம் அவளை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ இளகினது. நெஞ்சில் இத்தனை நாளாக இருந்ததை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். விட்டுவிட்டு அவளை ஏச ஆரம்பித்தார். "ஏம்மா, நீ படிச்ச பிள்ளைதான? ஒரு மனுசன் உயிரோட இருக்கானா இல்லையான்னு கேக்காம அடிப்பியா? உனக்கெல்லாம் எவன் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தான்? இந்தா நிக்காளே, தாலியோட நிக்கா, இவ மூஞ்சியப் பாரு. இவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" ஏச ஏச அவருக்குத் தெம்பு வந்தது. நாச்சியாரும் கூடச் சேர்ந்துகொண்டாள். இசக்கிசெல்வி டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இந்த ஜென்மத்தில் அவள் யாரையும் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினதில்லை. வாங்குகிறவர்களைப் பிடி பிடியென்று பிடித்திருக்கிறாள்.

கைலாசம் போனை எடுத்தார். அண்ணன் நம்பர் எட்டு வருஷமும் அதில் அப்படியே இருந்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அண்ணே, நான்தான்" என்றார்.

"சொல்லு."

"இங்கன அந்தக் கார்டு கடைப் பிள்ளை வந்திருக்கா. உன்னையப் படிக்கவே விடலையாம்லா. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கிட்டாளாம். எனக்கு அது தெரியாமப் போச்சு."

இசக்கிசெல்வி டீயைக் கீழே வைத்தாள். போலீஸ்கார மனுஷன், எதையும் மறைக்கத் தெரியாது என்று பெயர் எடுத்தவர். நான் நன்றாகத்தானே படித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. எங்கேயோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமாலே" என்றார் சிவனணைந்தபெருமாள். கோர்ட்டில் சாட்சி சொல்லுகிற குரல், ஒரு நடுக்கமும் இல்லை. "என்னத்தப் படிக்க? அவதான் பிடுங்காத குறையாப் பிடுங்கிட்டுப் போனா. ஒரு பேரு வாசிக்க விடல."

இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் கொடுத்த பென்சில், இவள் வாங்கிக் கொடுத்த டீ, வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்ட நாற்காலி. பைக்குள் கை போயிற்று. தாளின் ஓரம் விரலில் பட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருலே. மண்டபத்துல பந்தல் வேலை எல்லாம் கிடக்கு. நான் ஒருத்தன் என்னத்தப் பாப்பேன்?" என்றது போன். "வருதேன்ணே" என்றார் கைலாசம். வேட்டி நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். நாச்சியார் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இசக்கிசெல்வி பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை பக்கத்துலதான இருக்கா?" என்று அண்ணன்காரர் கேட்டார்.

"இந்தா, முன்னாலதான் உக்காந்திருக்கா."

"ஏம்மா, இனிமேலாவது ஒரு கார்டு அடிக்கும்போது வீட்டுக்காரங்கள நிதானமாப் படிக்க விடு. என்ன, கேக்கா?"

கைலாசமும் அதையே சொல்லி, விரலை நீட்டி ஆட்டினார்.

"சரி அண்ணாச்சி" என்றாள் இசக்கிசெல்வி.